எத்ர நேரம் கத்தும்

உவரியிலிருந்து நீரோடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில்
கரண்டு போன ஒரு ராத்திரி
"உள்ள மெழுகுதிரி கத்துது, போய்ப் பாரு" என்றார் கிளீட்டஸ்.
வாசலிலேயே நின்று காது கொடுத்துக் கேட்டேன்.
ஒரு சத்தமும் இல்லை.
எரிவதைக் கத்துவது என்பார்கள் இந்தப் பக்கம்.
எல்லைக்கல் தாண்டிப் பொழியூரில்
பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே அப்படித்தான்.

இப்போது நானே ஊற்றி விற்கிறேன்.
மெழுகில் தப்பு வராது, கண்ணாடியிலும் வராது.
வந்ததெல்லாம் திரியில்தான்.

வீட்டில் கிடக்கும் நூலுக்குக் காசு எதற்கென்று
முதலில் வலைநூலை அறுத்துக் கொடுத்தார் கிளீட்டஸ்.
நைலான். எரியாமல் சுருண்டு
கறுத்த முத்து முத்தாய்ச் சொட்டியது.
மூன்று நாள் சோற்றில் அந்த வாடை.

பிறகு, பாலராமபுரம் தறிகளில் மிஞ்சுகிற பருத்தி நூல்,
களியக்காவிளை வரை பேருந்தில் என் மடியில் வந்தது.
உப்பும் வெங்காரமும் கரைத்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறி
கொடியில், அவர் லுங்கிக்குப் பக்கத்தில் காய்ந்தது.
மூன்றாய்ப் பிரித்துப் பின்னினேன்.

பன்னிரண்டு இழைத் திரி
நடுவில் கிணறு வெட்டிக்கொண்டு இறங்கி
தான் உருக்கிய மெழுகிலேயே முங்கிச் செத்தது.
சுற்றிலும் வெள்ளைச் சுவர், சூடுகூடப் படாமல்.
இருபத்துநாலோ நாக்கை நீட்டிக்கொண்டு ஆடியது,
தலையில் கரிக்காளான் முளைத்தது,
கண்ணாடி கீறல் விட்டது.
ஞாயிறு பூசை முடிந்து எல்லார் முன்னாலும்
மெலிஞ்சி வின்சிலாஸ் கேட்டார்:
"கெபியில மாதாவுக்கு மீச வைக்குதியளா?"

பதினெட்டில்
ஒரு மணி நேரத்தில் மெழுகு விளிம்பைத் தொட்டு
மட்டமாய் நின்றது.
அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு அதையே பார்த்திருந்தேன்.
ஏழு மணி, பத்து நிமிடம்.
கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்தேன்.
அன்றைக்கு மீன் கருகிவிட்டது.

அடுக்களையில் சரியாக இருந்த திரி
ஆனி மாதத்துக் கெபியில் சரியில்லை.
ஒரே வீச்சில் பதினொன்றை அணைத்துப் போனது கடல்காற்று.
திரியை நான் மாற்றவில்லை. உயரமான கண்ணாடி வாங்கி
மெழுகைப் பாதியோடு நிறுத்தினேன்.
மேலே காற்று அதன் வேலையைப் பார்க்க
அடியில் இது பாட்டுக்குக் கத்தியது.
பாருங்கள், நானும் அப்படியே சொல்லிவிட்டேன்.

என்ன நேர்ச்சையென்று யாரும் சொல்வதில்லை.
எத்ர நேரம் கத்தும்? அது மட்டும் கேட்பார்கள்.
அரை மணி கூடுதலென்றால் மூன்று ரூபாய் கூடுதலாய்த் தருவார்கள்.
ஏற்றிவைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பொழியூர் மெற்றில்டா மட்டும்
மீன் சருவத்தை இறக்கி வைத்துவிட்டுத் திகைத்தாள்:
"ஏழு மணிக்கூரோ? அத்ர நேரம் நில்க்கான் வய்யா."
அணைகிறவரை நிற்பதாக நேர்ந்திருக்கிறாள்.
ஆறேகாலுக்குப் பேருந்து.
சீக்கிரம் தீர்வது ஒன்றுமில்லையா?

கழித்துப்போட்ட இருபத்துநாலு இழைத் திரிகள்
பரணில் ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் கிடந்தன.
சின்னக் கிண்ணம், விரற்கடை மெழுகு,
அதில் அந்த முரட்டுத் திரி.
இருபத்திரண்டு நிமிடம் கத்தியது.
இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறிக்கொண்டாள்,
முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.
உதடு அசைந்த மாதிரி தெரியவில்லை.
புகை மேலே மேலே போனது. வின்சிலாஸ் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் மணியடிக்கப் போனார்.

சிவப்புப் புள்ளியும் போன பிறகு
சருவத்தை ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டேன்.
பேருந்து ஏழு நிமிடம் தாமதம்.

பின்னட்டையில், அடித்துப் போட்டிருந்த இருபத்துநாலின் பக்கத்தில்
"வெள்ளி, ஒன்று" என்று எழுதினேன்.
அடுத்த வெள்ளி இரண்டு வேண்டுமாம்.
இரண்டையும் சேர்த்தா, ஒன்று அணைந்ததும் மற்றதா,
கேட்க விட்டுப்போயிற்று.