கேபிளைப் பிடுங்கிய பிறகு

செங்கலடியில் டயர் கடைக்கு மேலே
எங்கள் கந்தோர்.
மேசையில் மூன்று மடிக்கணினிகள்.
ஒன்றுக்குச் செங்கலடி என்று பேர்,
ஒன்றுக்கு வாழைச்சேனை,
மூலையில் இருப்பது புலிபாய்ந்தகல்.
நெல் சங்கத்துக்கு எந்தத் தரவுத்தளம் தோது,
வெள்ளிக்குள் அறிக்கை வேண்டுமாம்.

முதலாவது வேகம். எழுது என்றால் எழுதும்,
யாரிடமும் கேளாது.
இரண்டாவது ஆள் எண்ணும்:
மூவரில் இருவர் தலையாட்டினால்தான்
ஒரு மூடை உள்ளே வரும்.
பத்தாயிரம் வரவுகளைக் கொட்டினேன்.
முப்லிஹ் நேரம் குறித்தான்.
பிளேன்ரீ ஆறியது.

மறுகா, மூலைக் கணினியின் கேபிளைப் பிடுங்கினேன்.

கிரான் பாலத்துக்கு மேலால்
தண்ணி பாயுது என்று வைத்துக்கொள்.
மாரியில் எப்படியும் பாயும்.

இரண்டாவது சட்டென்று வாயை மூடியது.
'இப்போது பதிய முடியாது.'
திரும்பக் கேட்டேன். திரும்பவும் அதுதான்.
அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.
உழவுமெசின் பெட்டியில் நெல்லோடு
மழைக்குள் நிற்பவளுக்குப் பிடிக்குமோ தெரியாது.

முதலாவதுக்கு ஒரு குறையும் இல்லை.
ஒரே பெயருக்கு அக்கரையில் எட்டு மூடை,
இக்கரையில் பன்னிரண்டு, இரண்டையும் வாங்கியது.
கேபிளைச் செருகினேன்.
கடைசியாய் எழுதியதே நிற்கும் என்பது அதன் விதி.
ஒரு கடிகாரம் மூன்று செக்கன் முந்தி ஓடியிருக்கிறது.
மிஞ்சியது பன்னிரண்டு.
பிழைச்செய்தி கூட இல்லை.

சோதனைக்கு நான் அடித்தவை
என்னோடு படித்தவர்களின் பெயர்கள்.
எட்டு மூடை போனது சுகிர்தமலருக்கு.
வெள்ள நிவாரணத்தில் ஒருமுறை
நிசமாகவே விடுபட்டவள் அவள்.
அன்றைக்கும் யாரும் அவளை வெட்டவில்லை,
இரண்டு பட்டியலை ஒன்றாக்கினார்கள்,
அவ்வளவுதான்.

"நாலு மடங்கு வேகம், அதை எழுதுங்க" என்றான் முப்லிஹ்.
எழுதினேன், உண்மைதானே.
விலைப்பலகைக்கு முதலாவது போதும்,
காசுக்கு இரண்டாவது.
மூடைக்கு?
அக்கரை பதியட்டும். இக்கரையும் பதியட்டும்.
ஒன்று மற்றதை அழிக்க வேண்டாம்.
தண்ணி வடிந்தபின்
இரண்டு வரியையும் பார்த்து
ஒரு ஆள் கையெழுத்து வைக்கட்டும்.

"அந்த ஆளுக்கு அட்டவணையில கட்டம் இல்லையே?"

ஒரு கட்டம் சேர்த்தேன்.
அகலம் காணவில்லை.
தாளைக் குறுக்காகத் திருப்பினேன்.