முடிச்சு எங்கே இருக்க வேண்டும்

விக்டோரியாவில் நாங்கள்
முடிச்சை மண்ணுக்கு மேலே விடுவோம்.
இரண்டு விரற்கடை, அவ்வளவுதான்.
காட்டு வேரும் வீட்டு மலரும்
ஒட்டிக்கொண்ட அந்தப் புடைப்பு
காற்று வாங்க வேண்டும், அழுகக் கூடாது.
ஈரமான ஊர். டிசம்பரிலும் புல் பச்சை.

ஐம்பத்து மூன்று வயதில்
கிம்லிக்கு வந்தேன், எய்னாரின் இரண்டாம் மனைவியாக,
ஒரு பெட்டியில் சமையல் கத்திகளும்
ஈரச் சாக்கில் சுற்றிய மஞ்சள் ரோஜாவுமாக.

தோட்டம் முன்பே ஒருத்தியுடையது.
அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை.
கொட்டகைச் சுவரில்
ஒவ்வொரு கருவிக்கும் அவள் வரைந்து வைத்த
கறுப்புக் கோடு மட்டும் இருந்தது:
இங்கே கத்தரி, இங்கே மண்வெட்டி.

ஆஸ்டிஸ் படியில் உட்கார்ந்து
மீன்வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள்.
குழியை எட்டிப் பார்த்து
"இன்னும் ஒரு சாண்" என்றாள்.
"முடிச்சு புதைந்துவிடுமே."
"புதையத்தான் வேண்டும்."
இருபத்து நான்கு வயது அவளுக்கு.
முப்பது வருடம் ரோஜா வைத்தவள் நான்.
என் அளவில் வைத்து, மண் தள்ளி,
தேவைக்கு மேலேயே மிதித்தேன்.

பிறகு குளிர்.
அதைப் பற்றி என்ன சொல்ல.
ஏரியின் மேல் லாரி ஓடியது.
ஒருநாள் அப்பாவும் மகளும் என்னைக் கூட்டிப்போய்
பனிக்கட்டியில் துளை போட்டார்கள்.
துளைக்கருவி இறங்கியது, இறங்கியது,
என் இடுப்பளவு போன பிறகுதான்
கறுப்புத் தண்ணீர் பொங்கி வந்தது.
எனக்குத் தோட்டம் ஞாபகம் வந்தது.
வாயைத் திறக்கவில்லை.

மே கடைசியில் தளிர் விட்டது.
"பார்த்தாயா?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை என்னால்.
அந்த வருடம் பூ இல்லை.
நீள நீளமான கொம்புகள், கொத்துக்கு ஏழு இலை.
எண்ணினேன்.
எண்ணாதது போல் நடந்துகொண்டேன்.

மறு கோடையில் பூத்தது:
ஐந்தே இதழ், வெளிறிய சிவப்பு,
சட்டைப் பொத்தான் அளவுக்கு நடுவில் மகரந்தம்.
மஞ்சள் எங்கும் இல்லை.
மேலே இருந்தது செத்துப்போக
இத்தனை நாள் சுமந்தது
தன் முகத்தைக் காட்டியிருக்கிறது.

ஆஸ்டிஸ் வந்து நின்றாள்.
அவள் சொல்லப்போவதற்குப் பதிலைத்
தயாராக வைத்திருந்தேன்.
"அம்மாவுக்கும் இதேதான் ஆனது" என்றாள்.
"அவளும் யார் பேச்சையும் கேட்கவில்லை."
என் பதில்
எதற்கும் உதவாமல் வாயிலேயே கிடந்தது.

அதைப் பிடுங்கவில்லை, தேனீக்களுக்குப் பிடித்திருக்கிறது.
அடுத்த மஞ்சளுக்குப் பக்கத்தில் குழி வெட்டினோம்.
முடிச்சின் மேல் தன் கையைக் குறுக்கே வைத்தாள்,
அதன் மேல் என் கையை இழுத்து வைத்தாள்.
என் கட்டைவிரலுக்கு மேலே
மண் மட்டம்.

நாலு வருடம் கழித்து
வீட்டுக் குழாய் உடைந்து நகராட்சி தோண்டியபோது
அந்தச் செடியின் ஒரு பக்கம் திறந்து கிடந்தது.
முடிச்சுக்கு மேலே,
மஞ்சள் தண்டின் தோலைக் கிழித்துக்கொண்டு
வெள்ளையாக வேர்கள்.
கீழே இருந்த பழைய வேரும் சாகவில்லை.
எது எதைத் தாங்குகிறது என்று
பிரித்துச் சொல்ல முடியவில்லை.
வெயில் படுமுன் மூடினோம்.

மண்வெட்டியைக் கழுவிச் சுவரில் மாட்டினேன்.
என்னுடையதற்குக் காம்பு நீளம்.
கறுப்புக் கோட்டைத் தாண்டி
ஒரு சாண் கீழே தொங்குகிறது.