நாலாம் பாட்டு

ஹம்பாந்தோட்டையில் கப்பலிறங்கிய டொல்பின் வேனை
லீசிங்கில் எடுத்து
நோர்வூட்டுக்குக் கொண்டுவந்தபோது
உள்ளே ஒருத்தி இருந்தாள்.

பிளேயரின் வாய்க்குள் சிக்கிய சீடி.
வெளியே தள்ளும் பொத்தான் செத்துப்போயிருந்தது.
டேஷ்போர்டுப் பெட்டிக்குள்
அவளுடைய அட்டை:
குட்டை முடி, மஞ்சள் ரெயின்கோட்டு,
கமராவைப் பாராமல்
சட்டத்துக்கு வெளியே எதையோ பார்த்துச்
சிரிக்கப்போகிற முகம்.

சாவியைத் திருப்பினால்
வழிகாட்டுகிற பெண் முதலில் ஏதோ கண்டிப்பாள்.
திரையில் நாங்கள் எப்போதும் நடுக்கடலில்தான்.
பிறகு இவள் பாடுவாள்.

காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்,
பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக் கிளினிக்,
சம்பள நாளில் ஹட்டன் டவுன்,
ஒருமுறை டிக்கோயாவிலிருந்து ஒரு பிரேதம்.
எல்லோருக்கும் அதே பதினொரு பாட்டு.
பிரேதத்துக்கு மட்டும் சத்தத்தைக் குறைத்தேன்.

நாலாம் பாட்டில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.
மெல்லத் தொடங்கி
ஒரு சொல்லில் குரல் ஏறமுடியாமல் நிற்கும்,
மூச்சு மட்டும் ஏறும்.
செல்வநிதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
கொழும்புக்குப் போன வருசம் அது.
காசல்ரீ வளைவில் வேனை ஓரங்கட்டி
கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறேன்.
பிரிந்துபோனவனைத்தான் பாடுகிறாள் என்று
சத்தியமே பண்ணியிருப்பேன்.

யோகமலர் வெஞ்சர் தோட்டத்துப் பிள்ளை.
ஜப்பானில் வயசாளிகளைப் பார்க்கும் வேலைக்காக
ஹட்டனில் கிளாஸ், வாரம் மூன்று நாள்.
முன் சீட்டில் உட்கார்ந்து
மடியில் அட்டையை வைத்து
அரிசியில் கல் பொறுக்குவது போல்
எழுத்து எழுத்தாகப் பொறுக்கினாள்.

"அண்ணே, இது பாட்டுக்காரி இல்ல. நடிகை.
பேர ரெண்டு விதமா வாசிக்கலாம், எதுன்னு தெரியல்ல.
இங்க எழுதியிருக்கா:
நாப்பது படத்துல சொன்ன எடத்துல அழுதேன்.
இந்தப் பாட்டுகளுக்கு எங்க அழணும்னு
யாருமே சொல்லல்ல."

நாலாம் பாட்டை மூன்று தரம் போடச் சொன்னாள்.
கொப்பியில் கிறுக்கினாள், வெட்டினாள்,
பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, துணி காயலையாம்."

என்ன துணி?

"தொவச்ச துணி. மூணு நாளா மழையாம்.
நாளைக்கு உடுத்த ஒண்ணுமில்லையாம்.
ஈரக் காலுறையப் போட்டுக்கிட்டு
ஸ்டேசனுக்கு ஓடுறாளாம். அவ்வளவுதான்."

டிக்கோயா வரைக்கும் நான் பேசவில்லை.
என் இரண்டு வருசக் கண்ணீரை
யாரோ பிழிந்து கொடியில் போட்டமாதிரி இருந்தது.

லயத்துக்குத் திரும்பினால் ஜூலை.
அடுப்புக்கு மேலே கம்பியில்
என் சாரம், இரண்டு ஷேர்ட், பனியன்,
நாலு நாளாய்ப் புகை குடித்துக்கொண்டு.
நாளைக்கு உடுத்த ஒன்றுமில்லை.
பனியனைத் தொட்டுப் பார்த்தேன்.
அடிப்பாவி,
இதற்கும்தானே அழவேண்டும்.

யோகமலர் போய் ஒரு மழைக்காலம் ஆயிற்று.
வொய்ஸ் அனுப்பியிருந்தாள்:
அவள் குளிக்கவார்க்கிற ஆட்களுக்கு
அந்த முகம் தெரியுமாம்,
ஏதோ தொடரில் நஞ்சு வைக்கிற மருமகளாம்.
அவள் பாடவும் செய்வாளா என்று கேட்டார்களாம்.

கீறல் இல்லாத பிரதி ஒன்றும்
தேடிப் பிடித்து அனுப்பியிருந்தாள்.
போனை உயர்த்திப் பிடித்துப் பிள்ளைகளுக்குப் போட்டேன்.

எங்கள் சீடி ஏழாம் பாட்டில்
ஒரு சொல்லை மூன்று தரம் விக்கித் தாவும்.
பிள்ளைகளும் அந்த இடத்தில்
மூன்று தரம் விக்கித் தாவித்தான் பாடுவார்கள்.
போனில் அவள் விக்காமல் கடந்துபோனாள்.
பின்னால் பதினாலு குரல்
தனியே தாவி விழுந்தது.

"இது பிழை, அங்கிள்" என்றான் கிஷாந்தன்.

போனை அணைத்துச் சாவியைத் திருப்பினேன்.
அந்தப் பெண் கண்டித்தாள்.
நடுக்கடலில் இருந்த எங்கள் வேன்
நோர்வூட் பாலத்தில் ஏறியது,
கண்ணாடியெல்லாம் மழை.