கிளேர் ரோடு ஏற்றம்

பழைய வண்டியில் கம்பி இருந்தது.
கால் அழுத்தினால் கம்பி இழுக்கும்,
கம்பி இழுத்தால் த்ராட்டில் திறக்கும்,
நடுவில் யாரும் இல்லை.
பத்தொன்பது வருடம்,
டர்பனின் எந்த மேட்டிலும்
ஒரு பிணத்தைக்கூட நான் பின்னுக்கு உருட்டியதில்லை.

போன வாரம் முதலாளி புது வேன் வாங்கினார்.
வெள்ளை நிறம், ஓரத்தில் வெள்ளிக் கோடு.
பெடலுக்கு அடியில் கம்பி கிடையாது.
கால் சொல்வதைக் கம்ப்யூட்டர் ஒன்று கேட்டுக்கொள்கிறது,
கேட்டு, யோசித்து,
சரியென்று பட்டால் இஞ்சினிடம் சொல்கிறது.
அரை நொடிதான்.
அந்த அரை நொடிக்குள்
என் இடது கால் கிளட்சை விட்டுத் தொலைத்திருக்கும்.

இன்று பின்னால் படுத்திருப்பவர்
நித்தியானந்தன் மூட்லி, அறுபத்தெட்டு,
சட்டை பேக்டரியில் துணி வெட்டியவர்.
பக்கத்து இருக்கையில் அவர் மனைவி தைலா,
மடியில் ஐஸ்கிரீம் டப்பா,
அதற்குள் கற்பூரமும் தீப்பெட்டியும்.
எங்களுக்குப் பின்னால்
பகலில் விளக்குப் போட்ட பதினான்கு கார்கள்.
சிக்னலை இங்கே ரோபோ என்போம்.
ரோபோ சிவப்பு. செங்குத்தான மேடு. லேசான தூறல்.

பச்சை.
கிளட்ச் கடித்தது,
வேன் மூக்கை நிமிர்த்தி ஒரு விக்கு விக்கி
செத்தது.
அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே பிடித்துக்கொண்டேன்.
மறுபடி சாவி, மறுபடி விக்கல்.
சவப்பெட்டி ஒரு விரற்கடை நகர்ந்து
பின்கதவில் இடித்தது.
அந்தச் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது.

அடுத்த லேனில் மினிபஸ் டாக்ஸிக்காரன்
ஹார்னை அழுத்தினான், எட்டிப் பார்த்தான்,
கம்பளித் தொப்பியைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டான்.

மூன்றாவது முறை, பயத்தில், ஓங்கி மிதித்தேன்.
அரை நொடி மௌனம், பிறகு ஒரே அலறல்.
மஞ்சள் வந்துவிட்டது, சட்டென்று காலை எடுத்தேன்.
தகனசாலை இன்னும் முந்நூறு மீட்டர்,
அதற்குள் வண்டி முழுக்கக் கருகல் நாற்றம்.
"கிளட்ச்" என்றேன் அவசரமாக. "வெறும் கிளட்ச்தான்மா."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:
"இவரும் அப்படித்தான்.
சாப்பிட வாங்கன்னா உடனே பதில் வராது.
எங்கேயோ போயிட்டு வந்த மாதிரி ஒரு ம்.
கல்யாணமான புதுசுல
அந்த ம் வர்றதுக்குள்ள நான் சண்டைக்குப் போயிடுவேன்.
அப்புறம்தான் புரிஞ்சுது,
கேட்டுட்டுக் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும்.
வரும்."

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமாம்மா?"

"தெரியாது.
கத்துத் தாங்கன்னு கேட்டேன்.
நாலு வருஷம் ஆச்சு."

வைப்பர் ஒருமுறை போய் வந்தது.
அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சிவப்பிலேயே தொடங்கினேன்.
ஹேண்ட்பிரேக் மேலே. வலது கால் மெல்ல,
ஒரு மாம்பழம் பழுத்ததா என்று பார்க்கும் அளவுக்கு.
முள் அசையவில்லை.
அசையாதபோதும் காலை எடுக்காமல் இருப்பது,
ஐம்பத்தொரு வயதில், அதுதான் கஷ்டம்.
பிறகு முள் எழுந்தது, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு,
நின்றது.
பச்சை.
இடது கால் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,
தரையில் அந்த நடுக்கம்,
மூக்கு நிமிர்கிறது, அங்கேயே பிடித்துக்கொண்டு
ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன்.

ஏறியது. அழகாக ஏறியது என்று சொல்ல மாட்டேன்.
பதினான்கு காரும் பின்னால் வந்தனவா என்றுகூடப் பார்க்கவில்லை.

வாசலில் எங்களுக்கு முன்னால் வேறொரு சாவு.
மறுபடி சரிவில் நிற்க வேண்டும்.
இஞ்சினை அணைக்கவில்லை.
தைலா மூட்லி குனிந்து
என் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கால் முதல்ல?"

சொல்ல வாயெடுத்தேன்,
காவலாளி கேட்டைத் திறந்து
வா வா என்று கை காட்டிவிட்டான்.