பாதிப் பெயர்

ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போது திணறியது.
மூன்றாவது கியரில் இழுக்கவில்லை.
இரண்டாவதில் அழுதது.
கண்ணாடியில் பார்த்தேன்:
எனக்குப் பின்னால் சாலையே இல்லை.
கரும்புகைக்குள்ளிருந்து ஒரு பைக் வந்தது.
ஓட்டியவர் திட்டவில்லை.
டாங்க்மேல் உட்கார்ந்திருந்த பிள்ளையின் மூக்கை
உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
ஒற்றைக் கையால் கடந்து போனார்.
திட்டியிருக்கலாம்.

பின் சீட்டில் மூன்றடுக்கு கேக்,
எலகங்காவில் யாருக்கோ நிச்சயதார்த்தம்.
எப்படியோ கொண்டுசேர்த்துவிட்டு
லிங்கராஜபுரத்துக்குத் திரும்பினேன்.

இருதயராஜ் போனட்டைத் திறந்து முகர்ந்தார்,
பால் திரிந்ததா என்று பார்ப்பதுபோல.
"இ.ஜி.ஆர். அடைச்சிருக்கு.
உள்ள மேனிஃபோல்டு வரைக்கும்."
விழித்தேன்.
"விட்ட மூச்சுல கொஞ்சத்தை
வண்டியே திரும்ப இழுத்துக்கும், மேடம்.
ஊருக்கு விஷம் குறையும்.
வண்டிக்குத்தான் நெஞ்சு கட்டிக்கும்."

நான்கு போல்ட்டு.
மூன்று கழன்றன.
நாலாவதற்குத் துருவெண்ணெய் அடித்து,
டீ குடித்து, மறுபடி முறுக்கி,
நவாஸ் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதும்
வந்தது.

கட்டைவிரல் நுழையும் வழியில்
தீக்குச்சிக்குத்தான் இடமிருந்தது.
கேக் சுடுகிறவள் நான்,
கரிந்தது எனக்குப் புதிதில்லை.
ஆனால் இது ஈரக் கரி,
வற்றக்குழம்புச் சட்டியின் அடிபோல
வழித்தால் சுருண்டு வருகிறது.
சும்மா நிற்க முடியாமல்
நானும் ஒரு பழைய பல்துலக்கியை எடுத்துக்கொண்டேன்.
மூன்று நாள் நகக்கண்ணில் இருந்தது அது.
வெண்ணெய் பிசைய உறை போட்டேன்.

குழாய் பொருந்தும் இடத்தில்
ஒரு தகடு செருகியிருந்தது.
யாரோ எவர்சில்வர் டப்பாவின் மூடியை
வெட்டிச் செய்தது.
துடைக்கத் துடைக்கப்
புள்ளி புள்ளியாய்க் கன்னட எழுத்து:
'த்ரம்மா'.
முன்பாதி கத்தரிக்குப் போய்விட்டது.
காயத்ரம்மாவா, சாவித்ரம்மாவா?
ஆர்.சி. புத்தகத்தில் எனக்கு முன்னே
இரண்டு ஆண்களின் பெயர்தான் உண்டு.

தகட்டின் நடுவில் சுண்டுவிரல் அளவு ஓட்டை.

முழுவதும் அடைக்க மனம் வரவில்லை போலிருக்கிறது
என்று எனக்குப் பட்டது.
ஊருக்காக அவ்வளவாவது விட்டிருக்கிறார்கள்.
"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார் இருதயராஜ்.
"முழுசா மூடினா டேஷ்போர்டுல லைட் எரியும்.
அதை ஏமாத்தத்தான் ஓட்டை."

பிறகு கேட்டார்:
"திரும்பப் போட்டுடவா?
போட்டா ரெண்டு வருஷம்
இந்தப் பக்கம் வரவேணாம்.
போடலேன்னா அடுத்த கிறிஸ்துமஸுக்குள்ள
இதே நாலு போல்ட்டு, இதே நாலாயிரம்."

டிசம்பரில்தான் எனக்கு ஆர்டர் அதிகம்.
டிசம்பரில் வண்டி படுத்தால்
நானும் படுத்தேன்.
உடனே பதில் சொன்னேன் என்று
பிற்பாடு தங்கையிடம் சொன்னது பொய்.
ஒரு ரயில் முழுதாய்ப் போகும் நேரம்
பேசாமல் நின்றேன்.
அந்த உள்ளங்கை எவ்வளவு நேரம்
அந்த மூக்கில் இருந்திருக்கும்?

"வேணாம்," என்றேன்.
இருதயராஜ் பாராட்டவில்லை.
"உங்க காசு," என்று
புது கேஸ்கட்டைப் பிரித்தார்.

இப்போது மேம்பாலத்தில் கண்ணாடியைப் பார்த்தால்
சாலை இருக்கிறது,
அதில் எல்லாரும் இருக்கிறார்கள்,
ஹாரன் அடித்துக்கொண்டு.
தகட்டை எறியவில்லை.
கையுறைப் பெட்டியில் கிடக்கிறது.
பள்ளம் வரும்போதெல்லாம்
கிணுங் என்கிறது.
டிசம்பர் நெருங்க நெருங்க
கொஞ்சம் கூடுதலாகவே.