நூற்று இருபத்தொன்பது டாலர்

கணினி விற்பது பெரிய வேலையில்லை.
வருகிறவர் மனதில் வாங்கி முடித்துவிட்டுத்தான் வருகிறார்.
பெட்டியை எடுத்து நீட்டுவேன், அவ்வளவே.

அதற்கப்புறம் இருக்கிறது என் பிழைப்பு.
பில் போடுமுன், ரகசியம் சொல்பவன்போல
குரலைக் கொஞ்சம் இறக்கிக் கேட்க வேண்டும்:
'கூடுதலாக மூன்று வருட உத்தரவாதம்
சேர்த்துவிடட்டுமா?'

பத்துப் பேரில் நான்கு பேர் என்பது இலக்கு.
இந்த மாதம் எனக்கு ஒன்றேமுக்கால்.
முக்கால் என்பது
வாங்கிக்கொண்டு கார்வரை போய்
திரும்பி வந்து ரத்துசெய்த பல் மருத்துவர்.

டுலூத்தில் நவம்பர்.
ஏரிக் காற்று தானியங்கிக் கதவை
ஆளில்லாமலே திறந்து திறந்து மூடுகிறது.
மிதியடி முழுக்க உப்பும் சேறும்.

ஐந்து மணிக்கு வந்தார் லோர்னா ஹௌகன்,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்,
மஞ்சள் அங்கியைக் கழற்றாமல்.
இருப்பதிலேயே மலிவான மேசைக் கணினி கேட்டார்.
வரிக்கணக்குப் போட.
அலாஸ்காவில் மீன்பிடிக் கப்பலில் இருக்கும்
மகளின் முகம் பார்க்க.
சீட்டாட.
'அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்' என்றார்.

பெட்டி நானூற்று நாற்பது.
உத்தரவாதம் நூற்று இருபத்தொன்பது.
சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்ல முடியாது;
ஆனால் கூலி, காயை எட்டிப் பார்க்கும் தூரத்தில்தான் நின்றது.

நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி
துண்டறிக்கையைப் படிக்கத் தொடங்கினார்.
வாய்விட்டு.
யாரும் படிப்பதில்லை.
மூன்று வருடமாக நான் விற்றுவருவது என்னவென்று
அன்றுதான் கேட்டேன்.

'தண்ணீர் சிந்தினால் கிடையாது.
கீழே விழுந்தால் கிடையாது.
மின்னல் கிடையாது.
பூனை...'
நிமிர்ந்தார்.
'பூனை என்றே போட்டிருக்கிறதே!'
'எல்லாச் செல்லப் பிராணியும்தான்' என்றேன்.
'அப்படியானால் என் வீட்டில் நடக்கக்கூடியது
ஒன்றுகூட இதில் இல்லையே.'

பிறகு சட்டையிலிருந்த பெயரைப் பார்த்து,
'வெஸ்லி, உன் கணினிக்கு இதை வாங்கினாயா?'

பயிற்சியில் இதற்குப் பதில் கிடையாது.
அச்சுப்பொறி வரிசைக்குப் பின்னால் மேலாளர் ட்ரெண்ட்
மைக்குப்பிகளை எண்ணுகிறவர்போல நின்றார்.
எண்ணவில்லை.

வாங்கினேன். ஊழியர் தள்ளுபடியில்.
மூன்று வருடம் அது ஒரு தும்மல்கூடப் போடவில்லை.
கெடு முடிந்து ஒன்பதாம் நாள்
திரை கறுத்தது.
'வாங்கினேன்' என்பதோடு நிறுத்தினால் இலக்கில் ஒன்று.
மிச்சத்தையும் சொன்னால்
ட்ரெண்டின் அறையில் கால்மணி நேரம்.

மிச்சத்தையும் சொன்னேன்.

தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்கள்
திரும்பும்படி சிரித்தார்.
'வாங்கியதால் நிம்மதியாகவாவது இருந்தாயா?'
'கணினியைப் பற்றி ஒருநாளும் நினைக்கவில்லை.'
'வாங்காமல் இருந்திருந்தால்?'
'அப்போதும் நினைத்திருக்க மாட்டேன்.'

அதற்காக உடனே முடிவெடுத்துவிடவில்லை.
துணிதுவைக்கும் இயந்திரங்களின் நடுவே
பத்து நிமிடம் உலாத்தினார்.
ஒரு கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினார்.
யாரையோ தொலைபேசியில் அழைத்தார்; எடுக்கவில்லை.
திரும்பி வந்து 'போடு' என்றார்.
அட்டையை நீட்டும்போது 'வேண்டாம்' என்றார்.
நான் அழித்தேன்.
'அழித்துவிட்டாயா?' என்றார், வருத்தமாக.
'முப்பது நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம்.'
'ஐயோ, இன்னும் முப்பது நாள் யோசிக்க வேண்டுமா?'

பெட்டியை வண்டியில் ஏற்றிக் கொடுத்தேன்.
பனி பொடிப்பொடியாக, பக்கவாட்டில்.
கதவை மூடியவர் கண்ணாடியை இறக்கினார்.
'பூனைக்கு இதுபோல ஏதும் விற்கிறீர்களா?
பெயர் ஓட்டோ. பதினேழு வயது.'
இல்லை என்றேன்.
'நினைத்தேன்' என்று சொல்லிக் கிளம்பினார்.

நாள்முடிவில் ஒரு தாள் நிரப்ப வேண்டும்.
கேட்டீர்களா: ஆம்.
வாங்கினாரா: இல்லை.
காரணம்:
விலை, வேறு காப்பு உண்டு, பிறகு யோசிப்பார்
என்று மூன்று கட்டங்கள்.
மூன்றையும் விட்டு ஓரத்தில்
'பூனை' என்று எழுதி வைத்தேன்.

ட்ரெண்ட் படித்தார்.
தாளைத் திருப்பினார்,
பின்பக்கம் விளக்கம் இருக்கும் என்பதுபோல.
எதுவும் கேட்கவில்லை.
விளக்குகளை அணைத்தபடி போய்
கடைசி விசையில் கைவைத்துச் சொன்னார்:
'என்னிடமும் ஒன்று இருக்கிறது.
கறுப்பு.'