தங்குமிடங்களின் எண்ணிக்கை

சுற்றறிக்கை முதலில் சிங்களத்தில் வந்தது,
எட்டு நாள் கழித்துத் தமிழில்.
மூன்று சுழி இரண்டு சுழியாகி
'அனு அவசரநிலை' என்றிருந்தது.
அலுவலகத்தில் அனுசியாவைப் பார்த்துச் சிரித்தோம்:
"பிள்ளை, உன்னைச் சமாளிக்க
அரசாங்கம் ஆயத்தமாகுதாம்."
அவளும் சிரித்தாள்.
பிறகு இரண்டாம் பக்கத்தைத் திருப்பினோம்.

பெரிய நாடுகள் இரண்டு
ஒன்றையொன்று குறிபார்த்து நிற்பதால்
(பெயர் எழுதவில்லை,
இரண்டும் எங்களுக்குக் கடன் தந்தவை)
கிராம அலுவலர் ஒவ்வொருவரும்
தன் பிரிவின் நிலக்கீழ்த் தங்குமிடங்களை எண்ணி
பதினான்காம் திகதிக்குள் அனுப்புக.

எண்ணத் தெரியாதா எங்களுக்கு?
நீர்வேலியில் ஒருகாலம்
வீட்டுக்கொரு பங்கர் கிடந்தது.
'ட' எழுத்தைப் போல வளைத்து வெட்டினால்
சிதறல் உள்ளே திரும்பாது.
மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை,
விமானத்தின் கண்ணுக்குப் பூசணிக்கொடி.
வெட்டித் தந்தவர் யாருமில்லை.
வெட்ட வைத்தவர் யாரென்று கேட்க
படிவத்தில் நிரல் இல்லை.

ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தேன்.
தவநேசன் வீட்டில் அதற்குள் ஆட்டெரு.
யோகாம்பிகை ரீச்சர்
மலசலகூடக் குழியாக்கிவிட்டா.
"எழுதும் பிள்ளை, ஒண்டு கிடக்கு.
இறங்க விருப்பமெண்டால் சொல்லும்."

மங்களேஸ்வரி கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள்.
செம்மண்ணில் இதரை வாழை, ஒரே நிரை.
"மூடேக்கை அவற்றை ஒரு செருப்பும் உள்ளுக்கை போச்சு.
எடுக்க மனம் வரேல்லை."
அந்த இடத்துக் குலை மட்டும்
மற்றக் குலைகளைவிடப் பெரிது.

நான்காம் நிரல்: காற்றுத் திசை.
பாசையூரிலிருந்து மீன்பெட்டியோடு வந்த
எமிலியானுஸைக் கேட்டேன்.
"எந்த மாதம்? வாடையெண்டால் ஒரு பக்கம்,
சோழகமெண்டால் மற்றப் பக்கம்,
கச்சான் திரும்பினால் சொல்லேலாது.
அவங்கள் எப்ப போடுவாங்களாம்?"
"அது இதில இல்லை."
"அப்ப எந்தக் காத்தை எழுதப் போறியள்?"
பாரை அரைக் கிலோ நிறுத்துத் தந்தார்.

ஐந்தாம் நிரல், மக்களுக்கான அறிவுறுத்தல்:
யன்னல்களை மூடவும். வானொலியைக் கேட்கவும்.
அறிவிக்கப்படும் இடத்துக்குச் செல்லவும்.

இதில்தான் பேனை நின்றது.
அறிவிக்கப்பட்ட இடத்துக்கு
ஒருமுறை போயிருக்கிறோம்.
முதலில் துண்டுக்காகிதம் வானத்திலிருந்து வந்தது,
பிறகு மற்றது வந்தது.
எனக்கு அப்போது ஒன்பது வயது.

அயடீன் மாத்திரைக்கு நானூற்றுப் பன்னிரண்டு குடும்பம்.
கையிருப்பு: கிடைத்ததும் அறியத்தரப்படும்.
சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே
எல்லாக் கிணறும் ஒரே தண்ணீர் என்பதை
யாரிடம் அறியத்தருவது?

நேற்றிரவுச் செய்தியில்
ஒரு நாட்டுக் கப்பல் தெற்கில் எண்ணெய் நிரப்பிப் போனது.
மற்ற நாட்டுக் கப்பலுக்கும் அனுமதியாம்.
அமைச்சர் இரண்டு கொடிக்கும் நடுவில் நின்று
பல் தெரியச் சிரித்தார்.
கதவைத் திறந்து விட்ட அதே கையெழுத்துத்தான்
கதவை மூடச் சொல்லும் சுற்றறிக்கையின் அடியிலும்.
குழி வெட்ட எங்களுக்குத் தெரியும், ஐயா.
வெட்டத் தேவையில்லாமல் பார்ப்பது
எந்தத் திணைக்களம்?

பூச்சியம் என்று அனுப்பினேன்.
பிரதேச செயலகத்திலிருந்து அழைப்பு:
"மிஸ், கொம்பியூட்டர் பூச்சியத்தை எடுக்குதில்லை.
குறைஞ்சது ஒண்டாவது போடுங்கோ."

போட்டேன்.

தங்குமிடம்: ஒன்று.
அமைவிடம்: மங்களேஸ்வரி வளவு, வாழைக்குக் கீழ்.
கொள்ளளவு: ஐந்து பேர், குந்தியிருந்தால்.
குறிப்பு: திறக்க இரண்டு நாள் வேண்டும்.
குலை முற்ற இன்னும் நாற்பது நாள்.
அதுவரைக்கும் அவ்விரு நாடுகளையும்
மறித்து வைத்திருப்பது
மேலிடத்தின் பொறுப்பு.